மெத்தை புரட்டும் நாள்

எங்கள் ஹோட்டலில் புதிதாகச் சேருகிறவளுக்கு யூனிஃபார்மும் ரப்பர் செருப்பும் புதுசாகக் கொடுப்பார்கள். பேட்ஜ் மட்டும் பழசு. வேலையை விட்டுப் போனவர்களின் பேட்ஜுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். பெயர் வெட்டிய பித்தளைத் தகடு, ஆளுக்கொன்று புதுசாகச் செய்து மாளாது என்று முதலாளி அந்த டின்னை நீட்டுவார். கைக்கு வந்ததை எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டியதுதான். கெஸ்டுக்குக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும், அது உன் பெயராக இருந்தால் என்ன, ஊரான் பெயராக இருந்தால் என்ன என்பது அவர் கட்சி.

என் கைக்கு வந்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது என்னுடையது இல்லை. என்னுடையதையும் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போனபிறகு எழுதி என்ன ஆகப்போகிறது.

ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது ஹோட்டல். கப்பலேறக் காத்திருக்கிற பையன்கள், சரக்கு எடுக்க வந்த வியாபாரிகள், கன்டெய்னர் கம்பெனி ஆட்கள், இவர்கள்தான் எங்கள் கெஸ்டுகள். காலையில் துடைத்த மேஜையில் மதியத்துக்குள் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கரி. ரூம் சுத்தம் செய்வது முழுக்கப் பெண்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் அக்கா கதவைச் சாத்திவிட்டுச் சொல்லித் தருவார். எந்த கெஸ்ட் கேட்டாலும் தனியாள் என்று சொல்லக்கூடாது. புருஷன் இருக்கிறான், பக்கத்திலேயே வேலை செய்கிறான், சாயந்திரம் கூப்பிட வருவான் என்று சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் டூட்டி புருஷன். ஒருத்திக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற டூட்டி புருஷன், ஒருத்திக்குப் போலீஸ்காரன். வீட்டில் குடித்துவிட்டு உதைக்கிற நிஜப் புருஷன் உள்ளவளும் டூட்டிக்குத் தனியாக நல்லவன் ஒருத்தனை வைத்திருந்தாள்.

நான் என் டூட்டி புருஷனை லாரி மெக்கானிக் ஆக்கினேன். நிஜப் புருஷன் மணலி புதுநகரில் வேறொருத்தியோடு இருக்கிறான், அவர்களுக்கு ஒரு பிள்ளையும் இருக்கிறது. எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலே வயிறு எரிய எனக்குத் தெரியும். பொறாமை எனக்குப் பிறவிக் குணம். அடுத்த வீட்டுக் குக்கர் என் வீட்டுக் குக்கருக்கு முன்னால் விசில் அடித்தாலே எனக்குப் பிடிக்காது.

ஆனால் புருஷனைப் பற்றித்தான் நாங்கள் பொய் சொல்வோம். பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல மாட்டோம். இல்லாத பிள்ளையை இருப்பதாகச் சொன்னால் இருக்கிற யார் பிள்ளைக்காவது ஆகாது என்று ஒரு பயம். இது யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

நான் சேர்ந்தது கொரோனா அடங்கி ஹோட்டல் மறுபடி திறந்தபோது. பழைய ஆட்கள் ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள், சூப்பர்வைசர் அக்காவே புதுசு. எனக்கு மூன்றாம் மாடி. அந்த மாடியில் கடைசி ரூமில் மாத வாடகைக்கு ஒரு பெரியவர் தங்கியிருந்தார். கப்பலில் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போனபின் வீட்டை விற்றுவிட்டு, துறைமுகத்துச் சங்கு காதில் விழுகிற இடமாகப் பார்த்து இங்கே வந்துவிட்டவர். மகன் கனடாவில். ஊரடங்கு முழுக்க அவனிடம் மாட்டிக்கொண்டிருந்து அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். கண்ணில் பிரஷர், டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். டிவியைக் கத்த விடுவார், ஒரு காது மந்தம்.

முதல் நாள் நான் மாஸ்க் போட்டுக்கொண்டு டிராலியைத் தள்ளிப் போனேன். அவர் எழுந்து வந்து என் பேட்ஜைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியாம்மா! உயிரோட இருக்கியா! பொண்ணுங்க ரெண்டும் சௌக்கியமா?"

நான் அவள் இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு வெகு காலம் ஆகியிருந்தது. திறந்த வாய் "சௌக்கியம் சார்" என்றது.

நான் பிள்ளைகளைக் கற்பனை செய்யவில்லை, யாரோ பெற்றதைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கிக்கொண்டேன், அதில் யாருக்கும் ஆகாமல் போக ஒன்றுமில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். அவரே பேசப் பேச எனக்கு விஷயம் சேர்ந்தது. பெரியவள் பத்தாவது எழுத இருந்தவள். கத்திரிக்காயைத் தொடமாட்டாள். கணக்கில் புலி. சின்னவள் வாலு. ரயில்வே சுவரிலிருந்து குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள். ஸ்கூலுக்குப் போகிற வழியில் கல்மண்டபம் மார்க்கெட்டில் நின்று மீன்காரிகளிடம் கதை கேட்டுக்கொண்டிருப்பவள். எனக்கு முன்னால் இந்த பேட்ஜைக் குத்தியிருந்தவள் இதையெல்லாம் அவரிடம் நாள் தவறாமல் சொல்லியிருக்கிறாள். யாருக்குக் கிடைப்பார்கள் இப்படி இரண்டு பெண்கள்! கேட்கக் கேட்க எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கத்திரிக்காய் இல்லாமல் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள், கொடுத்துவைத்தவள்.

அப்புறம் நானே பெண்களை வளர்க்க ஆரம்பித்தேன். பெரியவளைப் பத்தாவது பாஸ் பண்ண வைத்தேன். பிளஸ் டூ முடிந்ததும் நர்சிங் படிப்பில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டேன். சின்னவளை ஒரு தரம் மெட்ரோவில் தூங்கவைத்து விம்கோ நகர் வரைக்கும் போகவிட்டேன். அன்று அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்துக்கொண்டார். மாஸ்க் போடுவது நின்றபோது முகம் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். ஆனால் அதற்குள் அவர் பார்வை இன்னும் மங்கியிருந்தது. பேட்ஜின் மினுமினுப்பும் யூனிஃபார்மின் நீலமும்தான் அவருக்கு நான்.

சாயந்திரம் திருவொற்றியூரில் என் ஒற்றை அறைக்குள் நுழையும்போது நாளைக்குச் சின்னவளை என்ன செய்ய வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நுழைவேன். அரிசி களையும்போது யோசிப்பேன். ஒரு தரம் கடையில் கத்திரிக்காய் எடுத்தவள், எதற்கு என்று திரும்ப வைத்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் திரும்பி வந்தாள்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாளாம், அதை மூடிவிட்டார்களாம். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவள், ஒல்லி, மூக்குத்தி போட்டிருந்த இடத்தில் வெறும் ஓட்டை. பிஸ்கட் டின்னைக் கிளறிவிட்டு, "என் பேரு எங்க?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் அக்கா என் நெஞ்சைக் காட்டினார். என் கை தானாகப் போய் பேட்ஜை மூடிக்கொண்டது. தர முடியாது, கெஸ்டுகள் பழகிவிட்டார்கள் என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. வேறு எவளோ ஒருத்தியின் பேட்ஜைக் குத்திக்கொண்டு இரண்டாம் மாடிக்கு டிராலியைத் தள்ளிப் போனாள்.

சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால், இது பெரியவள் கட்டிக்கொடுத்ததா என்று எட்டிப் பார்ப்பேன். போன் அடித்தால் சின்னவளோ என்று காதைத் தீட்டுவேன். அவள் பெண்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. திமிர், இருக்கிறவளுக்குச் சொல்லிக்காட்ட என்ன அவசியம் என்று நினைத்துக்கொண்டேன். பயமும் இருந்தது. ஒரே ஒரு நாள் அவள் கடைசி ரூமுக்குள் போய், சார் நான்தான் என்று சொன்னால் போதும், எனக்குப் பேச ஆளும் கிடையாது, பெண்களும் கிடையாது. அதனால் நான் வார லீவு எடுப்பதை நிறுத்தினேன். காய்ச்சல் வந்தபோது மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன். என்ன சுறுசுறுப்பு பார் என்று முதலாளி மற்றவர்களுக்கு என்னைக் காட்டிப் பேசினார். அவருக்கு என்ன தெரியும்.

ஆனால் மெத்தை புரட்டுவதை என்னால் தடுக்க முடியவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் எல்லா ரூமிலும் மெத்தையைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் குழி விழுந்துவிடும். பஞ்சு மெத்தை, பிணக்கனம். ஒருத்தியால் முடியாது. பக்கத்துக்கு ஒருத்தி நின்று தூக்க வேண்டும். அந்த மாதம் என் ஜோடிக்குக் கையில் சுளுக்கு. சூப்பர்வைசர் அக்கா அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்.

கடைசி ரூமை விட்டுவிடலாம், சார் தூங்குகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் தள்ளினாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் விரிப்பை உருவினோம். ஆளுக்கொரு பக்கம் மெத்தையைப் பிடித்து நெஞ்சுயரம் தூக்கினோம். அப்போது அவர் டிவியைக் குறைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார், பெரியவள் லீவுக்கு வந்தாளா என்று.

எதிரில் அவள் நிற்கிறாள், பெற்றவள். அவள் பெண்ணைப் பற்றி அவள் முன்னால் நான் எப்படிச் சொல்வது. அவள் மெத்தைக்கு மேலே என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பேட்ஜைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வந்தா சார்," என்றாள் அவள். "வந்து நல்லா துண்ணா, தூங்குனா, போய்ட்டா. எங்கூட ரெண்டு வார்த்த பேச நேரமில்ல மகாராணிக்கு."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு எங்கள் பக்கமாகத் தலையைச் சாய்த்து, "ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் உன் குரல் பழையபடி இருக்கும்மா" என்றார்.

இத்தனை வருஷமும் தொண்டை கட்டியவள் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தாரா! நான் மெத்தையை அப்படியே போட்டுவிட்டிருப்பேன். அவள் தாங்கிப் பிடித்துப் புரட்டினாள். விரிப்பை நான்தான் போட்டேன், கோணலாக. என் வேலையில் விரிப்பு கோணியது அன்றைக்குத்தான்.

லினன் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினதும் எனக்கு அடக்க முடியவில்லை. உன் பெண்களை நான் ஒன்றும் கடித்துத் தின்றுவிடவில்லை, வீட்டுக்குப் போனால் உனக்கு இரண்டும் நிஜமாக உட்கார்ந்திருக்கும், எனக்கு இந்த ரூமில் கால் மணி நேரம், அதுவும் பொறுக்கவில்லையா உனக்கு என்று கத்தினேன். அவள் அழுக்குத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பொண்ணு ஏது மே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணமே ஆவல. அண்ணன் வூட்ல கீறேன். டூட்டிக்கு எல்லாரும் புருசன் வெச்சிகினாங்க. எனக்கு புருசன்னாலே ஆவாது. பொண்ணுங்களா வெச்சிகினேன்."

நானும் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். இவளைப் பார்த்தா நான் இத்தனை நாள் வெந்து செத்தேன் என்று இருந்தது. என்னிடம் இல்லாதது அவளிடமும் இல்லை என்றால் நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. துக்கமாக இருந்தது. அந்தப் பெண்கள் எங்காவது ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்றுதான் நான் இருந்தேன். இனி எங்கும் இல்லை.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "பெர்சு இன்னா படிக்குது?"

நர்சிங் என்றேன்.

"நர்சா?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அதுக்கு ரத்தத்த பாத்தா மயக்கம் வரும்மே. நான் சார்கிட்ட சொல்லிகீறேன். கணக்கு டீச்சருக்கு வுடாம நர்சுக்கு வுட்டுகீறியே, யார கேட்டு வுட்ட?"

"நீ வுட்டுட்டுப் போய்ட்ட. நான் வளத்தேன்," என்றேன் நான். "மயக்கம்லாம் இப்ப வர்றதில்ல. மாறிட்டா."

அவள் அந்தப் பேச்சை விட்டாள். சின்னவளின் பல்லை என்ன செய்தாய் என்று கேட்டாள். கட்டவில்லை, உடைந்தபடியேதான் இருக்கிறது, அது அவளுக்கு அழகு என்று சார் சொல்கிறார் என்றேன். அதில் மட்டும் அவளுக்குத் திருப்தி. மெட்ரோ கதையைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்.

"பெர்சு உன்னுதாவே இருக்கட்டும். சின்னத எனக்குக் குடு."

எனக்கு மனசே இல்லை. பெரியவள் சமர்த்து, ஆனால் சின்னவளிடம்தான் கதை இருக்கிறது. முதலில் முடியாது என்றேன். அவள் கெஞ்சவில்லை, என் பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் பெயர். இன்னொரு பெயரைக் குத்திக்கொண்டு இரண்டாம் மாடியில் தனியாகத் தலையணை தட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாளும் மேலே வந்து என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சரி என்றேன்.

அதிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஒரு நாள் நான், ஒரு நாள் அவள். சூப்பர்வைசர் அக்காவிடம் கால் வலி என்று ஏதோ சொல்லி வைத்தோம். அவள் முறை வருகிற காலையில் நான் பேட்ஜைக் கழற்றி அவளிடம் கொடுப்பேன். அவருக்கு நாங்கள் ஒருத்திதான். ஒரு நாள் தொண்டை கட்டும், ஒரு நாள் சரியாகும், அவ்வளவுதான். மதியம் சாப்பிடும்போது அவரவர் பெண்ணைப் பற்றி மற்றவளுக்குச் சொல்ல வேண்டும், அவர் மாற்றிக் கேட்டால் முழிக்கக் கூடாதில்லையா. இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். இரண்டு பேருமே கத்திரிக்காய் கொண்டுவருவதில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அது என்னோடுதான் போகும். என் முறை வருகிற நாளிலும் அவர் முதலில் சின்னவளைத்தான் விசாரிக்கிறார். அவள் சொல்லிக்கொடுத்ததை நான் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. சின்னவள் இப்போது மீன்காரிகளோடு சேர்ந்துகொண்டு பேரம் பேசுகிறாளாம். என்னிடம் இருந்தபோது கதை கேட்பதோடு சரி. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மெத்தை புரட்டுகிற நாளில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ரூமுக்குப் போகிறோம். ஒருத்திதான் பேசலாம், மற்றவள் வாய் திறக்கக் கூடாது. மாதம் மாற்றி மாதம் முறை. போன மாதம் பேச்சு அவளுடையது. பேட்ஜும் அவள் நெஞ்சில். நான் என் பக்கத்து மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அன்றைக்கென்று அவர் பெரியவளைக் கேட்டார். எத்தனையோ நாளாக நான் காத்திருந்த கேள்வி. ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாளா, பழகிக்கொண்டாளா என்று அக்கறையாக விசாரித்தார்.

"படிப்புலாம் ஷோக்காதான் கீது சார்," என்றாள் அவள். "ராவுல போன் பண்ணி அழுவுது. அம்மா பக்கத்துல படுக்கணும்போல கீதுன்னு."

நான் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை. பரீட்சை, மார்க், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் சொல்லியிருந்தேன். இத்தனை வருஷம் வளர்த்த எனக்கு, அந்தப் பெண் அம்மாவை நினைத்து அழுவாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் த்சொ என்றார். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார், அவளைப் பார்த்து.

போய்ட்டு வரேன் சார் என்று அவள் சொன்னாள். மெத்தைக்கு மேலே அவள் கண் என்னைத் தேடியது. நான் முகத்தை மெத்தைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என் பக்கத்தை இறக்கினேன்.